தோற்ற செட்

ஃபைனலில் தோற்ற செட்டைக் கேப்டன்தான் துவைக்க வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் எந்தப் புண்ணியவான் சட்டம் போட்டானோ தெரியவில்லை. கோப்பையை ஜெயித்தால் ஜூனியர்கள் துவைப்பார்களாம். யார் பார்த்தது, கடைசியாகக் கோப்பை வந்தபோது நான் பால்வாடியில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்திருப்பேன். பதினாறு ஜெர்சி, பதினாறு கால்சட்டை, ஹாஸ்டல் பின்பக்கத்துத் துவைகல், ஒரு பார் சோப்பு, இரண்டு வாளி, அதில் ஒன்று ஓட்டை. நான்கு மணிக்குள் துவைத்துக் காயவைத்து மடித்துச் சாக்கில் போட்டு பி.டி. சார் அறையில் ஒப்படைக்க வேண்டும். கூடவே கடிதத்தையும். கடிதம் கொடியில் தொங்கும் என் சட்டைப் பையில் இருக்கிறது. நேற்றே எழுதிவிட்டேன். எங்கள் ஃபார்வேர்ட் ரெஜின், சீசன் நடக்கும்போது அனுமதி இல்லாமல் வெளியில் விளையாடினான், காலில் அடிபட்டதை மறைத்து ஃபைனலில் இறங்கினான், அதனால் தோற்றோம். அவ்வளவுதான், நாலு வரி. அடியில் கிளிட்டஸ், அணித்தலைவர் என்று பெயர் எழுதியிருக்கிறேன், கையெழுத்து மட்டும் போடவில்லை. போட வேண்டியதுதானே. போட்டால் அவனுடைய ஸ்போர்ட்ஸ் சீட் போகும், ஹாஸ்டல் போகும், ஒன்பதாம் நம்பர் போகும், அவன் வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போவான். போகட்டும். அவன் அப்பா போகவில்லையா, என் அப்பா போகவில்லையா. போகட்டும் என்று சொல்லிக்கொண்டே சோப்பை இழுக்கிறேன், சோப்பு வழுக்கிச் சாக்கடையில் விழுகிறது. சோப்புக்குக்கூட என்னைப் பார்த்தால் இளக்காரம். எடுத்துக் கழுவி மறுபடியும் இழுத்தேன்.

ஒன்றாம் நம்பர் இசக்கியப்பனுடையது. கீப்பர் ஜெர்சியில் மண் இருக்க வேண்டும், இதில் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் புல் கறை, அவ்வளவுதான். விழுந்தால்தானே மண் ஒட்டும். ஃபைனலில் அவர்கள் போட்ட அந்த ஒரே கோல், நேராக வந்த பந்து, இவன் ஏதோ பெண் பார்க்க வந்தவனைப் போல நின்று பார்த்தான். யாராவது அவனைக் கேட்டார்களா. கேட்கவில்லை. இசக்கி பாவம், இசக்கிக்குப் பேதி, இசக்கி ராத்திரி தூங்கவில்லை. நான் கேட்டேனா, நானும் கேட்கவில்லை. துவைகல்லில் ஜெர்சியை ஓங்கி அடிக்கிறேன், முகமெல்லாம் தெறிக்கிறது. ஆடி மாதம் இந்த சீசனை ஆரம்பித்தோம். முதல் மேட்சில் மூன்று கோல் வாங்கினோம், அன்று பஸ்ஸில் ஒருத்தனும் பேசவில்லை, ஒன்பதாம் நம்பர்க்காரன் மட்டும் கடைசி சீட்டில் முறுக்கைக் கடக் கடக்கென்று கடித்துக்கொண்டிருந்தான். என்ன டேய் சாவு வீடா, இன்னும் ஏழு மேட்ச் இருக்கு என்றான். அடுத்த மேட்சில் அவனே இரண்டு போட்டான். அதற்கடுத்து மழையில், கணுக்கால் சேற்றில், மேட்ச் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது நான் அடித்த கார்னரை மண்டையால் உள்ளே தள்ளிவிட்டு, கோல் கம்பத்தில் இடித்து நெற்றி கிழிந்து, ரத்தத்தோடு என்னைத் தூக்கிச் சுற்றினான். அந்த ரத்தம் என் ஆறாம் நம்பர் ஜெர்சியில் தோளில் இருந்தது, மூன்று துவைப்புக்கு அப்புறம்தான் போனது. செமிஃபைனலில் மறுபடி இரண்டு. இரண்டுக்கும் பாஸ் நான் கொடுத்தது. அவன் எங்கே போய் நிற்பான் என்று எனக்குத் தெரியும், பார்க்க வேண்டியதில்லை, அடித்துவிட்டால் போதும், அவன் இருப்பான். பந்தை வாங்கி, இடது காலை ஊன்றி, ஒரு திரும்பு. அந்த ஒரு திரும்பில்தான் தடுக்க நிற்கும் எல்லா பேக்கும் ஏமாந்து போவான்கள். இடது காலை ஊன்றி. அதை விடு. இப்போது எதற்கு அது. இரண்டாம் நம்பரை எடு.

இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர், இதுகளுக்கு என்ன, ஓடினான்கள், நின்றான்கள், வியர்த்தான்கள். கசக்கிப் பிழிந்து ஓட்டை இல்லாத வாளியில் போட்டேன். எரிச்சலாக இருக்கிறது. கை எரிகிறது, நகக்கண் எரிகிறது, வயிறு எரிகிறது. காலையில் மெஸ்ஸில் இட்லி வாங்கப் போனபோது ஒரு ஹிஸ்டரிக்காரன், பந்தை உதைத்தே பார்க்காதவன், என்ன கேப்டன் கடைசியில் கவுத்திட்டீங்களே என்கிறான். இட்லித் தட்டை அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். பதினேழு வருஷம் கழித்து ஃபைனலுக்கு வந்தோம்டா, வந்ததே பெரிசு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், ரெஜின் காலை உடைத்துக்கொண்டு வந்தால் நான் என்ன செய்வது என்றேன். அவன் தலையாட்டினான். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். சீசன் தொடங்கும்போது பி.டி. சார் எல்லோரிடமும் எழுதி வாங்கினார், வெளியில் எந்த மேட்சும் விளையாட மாட்டோம் என்று. முக்கியமாக எங்கள் இரண்டு பேரைப் பார்த்துத்தான் சொன்னார், கடற்கரைக்காரன்களுக்குத் திருவிழா வந்துவிட்டால் கால் நிற்காது என்று. நான் நின்றேனே. என் கால் நின்றதே. எங்கள் ஊர் வடலித்துறைத் திருவிழாவில் பத்தாம் நாள் செவன்ஸ் ஃபைனல், அணிக்கு ஏழு பேர், மணலில், எங்கள் துறைக்கும் பக்கத்து மணல்துறைக்கும். ஊரே என்னை இறங்கு இறங்கு என்றது. எங்கள் அம்மாவே கேட்டாள், ஊருக்கு உதவாத காலு எதுக்குலே என்று. நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். கையைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். அப்போது மைக்கில் சொல்கிறார்கள், மணல்துறை அணியில் ஏழாம் நம்பர் ஜான்சன். எந்த ஜான்சன். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, நெற்றித் தழும்பை மறைத்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல் தன் ஊருக்காக ஓடி வருகிறான் ரெஜின். என் முன்னால் ஓடும்போது கண்ணடித்தான். ஆறு நாளில் கல்லூரி ஃபைனல். எழுதிக் கொடுத்தது நான் மட்டும்தானா. அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் விதியை மீறியதற்காகவா, நான் மீறாமல் உட்கார்ந்திருந்ததற்காகவா என்று இப்போது யாராவது கேட்டால் அவனையும் ஒரு அடி அடிப்பேன். இடைவேளை வரை கோல் இல்லை, ஆனால் அவன் மூன்று தடவை எங்கள் ஆட்களைத் திருப்பிவிட்டுப் போனான். மூன்று தடவையும் அதே திரும்பு. இடைவேளையில் தாசன் அண்ணன், என் கூடப்பிறந்த சிலுவைதாசன், எங்கள் துறைக்குப் பேக்கு, மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சோடா குடித்தான். குடித்தான், அவ்வளவுதான், எழுந்து போனான். மூன்றாம் நம்பரை எத்தனை தடவை பிழிகிறேன், இது எப்போதோ பிழிந்தாகிவிட்டது.

இரண்டாம் பாதியில் அண்ணன் அவனை அடித்தான். பந்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ரெஜின் மணலில் உருண்டான், எழுந்தான், நொண்டினான், வெளியே போய்விட்டான். அப்புறம் எங்கள் துறை ஒரு கோல் போட்டது. வெடி போட்டார்கள். நான் ஆடினேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கையை அவிழ்த்துக்கொண்டு ஆடினேன், அம்மா சிரித்தாள். அதில் என்ன தப்பு, என் ஊர் ஜெயித்தது, ஆடினேன். திங்கள்கிழமை கிரவுண்டில் ரெஜின் இடது கணுக்காலில் பட்டையாகத் துணி சுற்றியிருந்தான். புது பூட்ஸ் கடித்துவிட்டது என்று சாரிடம் சொன்னான். சார் நம்பினார். நான் நம்பவில்லை, எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. அவன் இல்லாமல் ஃபைனலில் யாரை இறக்குவது, அதனால். அது மட்டும்தான் காரணமா. பின்னே, வேறென்ன. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார், எப்படி அடிபட்டது என்று கேட்பார், யார் அடித்தது என்று கேட்பார், உன் அண்ணனா என்று கேட்பார். கேட்டுக்கொண்டே போவார். சனிக்கிழமை ஃபைனல். ஒரு கோல் பின்னால், எட்டு நிமிஷம் மிச்சம். நடுவில் எனக்குப் பந்து கிடைத்தது. இந்த சீசனிலேயே நான் கொடுத்த நல்ல பாஸ் அதுதான், சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு பேக்குகளுக்கு நடுவில் புகுந்து ரெஜின் காலுக்கு முன்னால் போய் நின்றது. கீப்பர் வெளியே வந்துவிட்டான். கோல் திறந்து கிடக்கிறது. ரெஜின் இடது காலை ஊன்றி வலது காலை ஓங்கினான். ஊன்றிய கால் மடங்கியது. பந்து வெளியே போயிற்று, அவன் குப்புற விழுந்து புல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். நான் ஓடிப்போய்த் தூக்கினேனா. இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எல்லாம் முடிந்து உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும், சார் முன்னாலும், திருவிழா மேட்ச் ஆடக் காலு இருந்தது, காலேஜுக்கு ஆடக் காலு இல்லையாலே உனக்கு என்று கத்தினேன். தலையில துண்டைக் கட்டிட்டு ஜான்சன்னு பேரு வச்சுட்டுப் போனவன்தானே என்றேன். ரெஜின் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து மட்டும் பார்த்தான். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் ரெண்டு சொல்லியிருப்பேன். பி.டி. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தங்கப்பழம் சார் திருநெல்வேலிக்காரர், சத்தம் போடாமல்தான் பேசுவார். நீ கேப்டன், நீ எழுதித் தந்தாத்தான்டே கமிட்டி நடவடிக்கை எடுக்கும், திங்கக்கிழமை நாலு மணிக்குள்ள செட்டோட சேத்துக் கொண்டா என்றார். அவருக்கு என்ன, தோற்றதற்கு ஒரு பெயர் வேண்டும், பிரின்சிபாலிடம் காட்ட. எனக்கும் வேண்டும். ஏன் வேண்டாம்.

இன்னும் எட்டு ஜெர்சி இருக்கிறது. வெயில் துவைகல் வரை வந்துவிட்டது. ஒன்பதாம் நம்பரை அடியில் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஒரு துணிக்கு இவ்வளவா. எடுத்தேன். முன்பக்கம் முழுக்கப் புல், மண், காலருக்குக் கீழே அவன் கடித்த இடமோ என்னவோ நூல் பிரிந்திருக்கிறது. சோப்பு போட்டேன். அண்ணன் சோடா குடித்துவிட்டு எழுந்து போனான் என்று நினைத்தேன் அல்லவா, சும்மா போகவில்லை. இவனை என்னலே செய்ய, கையில நிக்க மாட்டேங்கானே என்று கேட்டான். நான் கிரவுண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இடது காலை ஊன்றித்தான் திரும்புவான், ஊன்ற விடாதே. அவ்வளவுதான் சொன்னேன். ஊன்ற விடாதே. அடி என்று சொல்லவில்லை. எந்தக் கோச்சும் சொல்லுவதுதான், ஒரு ஃபார்வேர்டின் பலம் எது என்று பேக்குக்குச் சொல்வதில் என்ன தப்பு. ஊன்ற விடாதே என்றால் இடம் கொடுக்காதே என்று அர்த்தம், முன்னால் போய் நில் என்று அர்த்தம். அண்ணனுக்கு அந்த அர்த்தம் தெரியாது. அண்ணன் எதையும் காலால்தான் புரிந்துகொள்வான், அது எனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையிலிருந்து என் முழங்காலுக்கே தெரியும். தெரிந்துதான் சொன்னேனா. கோபத்தில் சொன்னேன். அவன் கண்ணடித்தான், எனக்குக் கோபம். ஆறு மாதம் அவனோடு பயிற்சி செய்து, அவன் கால் எங்கே விழும் என்று மனப்பாடம் பண்ணியது எதற்கு, பாஸ் கொடுக்க. அதை எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். ஊருக்காகக் கொடுத்தேன். ஊர் எனக்கு என்ன செய்தது, ஒரு சோடா வாங்கிக் கொடுத்தது. ஆனால் அடி என்று சொல்லவில்லை. இதை நேற்றிலிருந்து நூறு தடவை சொல்லிக்கொண்டாகிவிட்டது, ஒரு தடவைகூட நிம்மதியாக இல்லை. எல்லாவற்றுக்கும் அவன்தான் காரணம். அவன் அங்கே வராமல் இருந்திருந்தால் நான் எதையும் சொல்லியிருக்கவே வேண்டாம். வந்தது அவன் தப்பு. கடிதம் அவன் வந்ததைப் பற்றித்தான். கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நம்பரை ஓங்கி அடித்தேன், ஓங்கி ஓங்கி அடித்தேன், நம்பரின் வால் உரிந்து தொங்கியது.

லே, கிழிச்சிராதே என்று பின்னால் சத்தம். ரெஜின். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் கட்டு, கையில் யாருடைய குடையையோ ஊன்றிக்கொண்டு நிற்கிறான். எனக்குக் கோபம் ஏறியது. இவனை யார் வரச் சொன்னது. என்ன வேண்டும் என்றேன். ஒன்றுமில்லை, பதினாறையும் நீ ஒருத்தனாகத் துவைத்தால் நாலு மணிக்கு எங்கே காயும் என்று சொல்லிக்கொண்டே துவைகல்லின் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு, நான் பிழிந்து வைத்ததை எடுத்து உதறத் தொடங்கினான். கேப்டன்தான் துவைக்க வேண்டும் என்றேன். உதறுவதற்குச் சட்டம் இல்லையே என்றான். கொஞ்ச நேரம் அவன் உதறினான், நான் கசக்கினேன். அவன் கையில் கொடுக்க நான் பார்க்க வேண்டியதில்லை, நீட்டினால் போதும், அவன் கை அங்கே இருந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பிறகு அவன் கொடியில் தொங்கும் என் சட்டையைப் பார்த்தான்.

“எழுதியாச்சா?”

எழுதியாச்சு என்றேன். கையெழுத்துப் போடவில்லை என்று ஏன் சேர்த்துச் சொன்னேனோ தெரியவில்லை.

“போட்டுரு மக்கா. சாருக்கு ஒரு ஆளு வேணும். போனா ஒருத்தனோட போட்டும். அந்த இடைவேளை விசயத்த நான் யாருகிட்டயும் சொல்லல்ல, சொல்லவும் மாட்டேன்.”

என் கையில் ஏதோ ஒரு ஜெர்சி இருந்தது, எந்த நம்பர் என்று பார்க்கவில்லை. என்ன இடைவேளை என்று கேட்டிருக்கலாம், அப்படிக் கேட்கத்தான் வாய் திறந்தது. எப்போது தெரியும் என்றுதான் வந்தது. அன்றைக்கே என்றான். மேட்ச் முடிந்து தாசன் அண்ணன்தான் ஐஸ் வைத்துக் கட்டிவிட்டாராம், கட்டும்போது சொன்னாராம், உன் கேப்டனுக்கு நல்ல கண்ணுடா, கரெக்டாச் சொல்லித் தந்தான் என்று. அண்ணன் சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். அன்றைக்கே என்றால் திங்கள்கிழமை தெரியும், பூட்ஸ் கடித்தது என்று சாரிடம் சொன்னபோது தெரியும், பட்டையை இறுக்கிக்கொண்டு என் பாஸுக்கு ஓடியபோது தெரியும், அறையில் எல்லோர் முன்னாலும் நான் கத்தியபோது தெரியும். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தானே, அப்போது தெரியும். அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

“பின்ன ஏம்லே எங்கிட்டக் கேக்கல்ல? ஒரு அடியாவது அடிச்சிருக்கலாம்லா?”

“அடிச்சா நீ மொகத்தப் பாத்துப் பாஸ் தருவியா. ஃபைனலுக்குக் கேப்டன் வேணும்லா.”

அவன் அதைப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, ஜெர்சியை உதறிக்கொண்டேதான் சொன்னான். உதறிய தண்ணீர் என் மேல் விழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, இவ்வளவு நேரம் வந்ததைவிட அதிகமாக வந்தது, ஆனால் அடிக்க வேண்டிய ஆள் எதிரே இல்லை. அடுத்த வருஷமும் நீதான் கேப்டன், சார் சொன்னார் என்று அவன் வேறு சொல்கிறான். எழுந்து கையைக் கால்சட்டையில் துடைத்தேன். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். நாலு வரியும் அழகாகத்தான் இருந்தது. பேனா இருக்கா என்றேன். கையெழுத்துக்கு என்று நினைத்து எடுத்துத் தந்தான். அவன் ஸ்போர்ட்ஸ் சீட்டும் என் சீட்டும் ஒரே சீட்டுதான், ஒரே நாளில் ஒரே மேஜையில் கிடைத்தது. அனுப்பினால் இரண்டு பேரையும் அனுப்பட்டும் அந்தத் தங்கப்பழம், இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு அடுத்த ஆடியில் யாரை வைத்து ஆடுகிறார் என்று பார்ப்போம். தாளைத் துவைகல்லின் காய்ந்த பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ரெஜின் விளையாடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அடிபட்டதும் எனக்குத் தெரியும், அன்றே சொல்லவில்லை என்று எழுதினேன். அடுத்த வரி, இடைவேளையில் என் அண்ணனிடம் அவன் இடது காலை ஊன்ற விடாதே என்று சொன்னேன். என்னலே எழுதுகிறாய் என்று ரெஜின் குடையை ஊன்றி எழப் பார்த்தான். உட்காருலே என்றேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஊன்ற விடாதே என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே, அவன் இடது காலை அடிக்கச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.